இணைந்த ஆயுதங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய சித்திரங்கள் வந்து சேர்ந்தன. வாளின் அலகோடு துப்பாக்கிக் குழலைப் பதித்து, பிடியிலே விசையை வைத்து, ஒரே வீரன் வெட்டவும் சுடவும் வல்லவனாகும்படி நீ கற்பித்திருக்கும் ஆயுதம் பார்வைக்கு ரம்மியமாகவே இருக்கிறது. ஆயினும் அதை ஏந்தியவன் முதல் குண்டைச் சுட்டபின் மருந்தை எவ்வழியே கெட்டிப்பான், வெட்டின் அதிர்ச்சியைக் குழல் எப்படித் தாங்கும் என்பவற்றை உன் தூரிகை யோசித்ததாகத் தெரியவில்லை. (சினிமாக்காரர்களைப் பின்பற்றாதே; அவர்களுடைய வாள்களுக்குப் பாரமே கிடையாது.)

ஆயுதங்களைப் பிணைக்கும் ஆசை மிகப் பழையது. கையின் பிடி அதிகம் மாறாமல் ஒரு தொழிலிலிருந்து மறு தொழிலுக்குத் தாவ முடிந்தபோதுதான் அது நன்றாகப் பலித்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஸ்விட்ஸர்லாந்தின் மலைநாட்டார் 14-ஆம் நூற்றாண்டில் ஏந்திய ஹால்பர்டைப் பார்: ஆள் உயரத்தை விஞ்சிய காம்பின் தலையில் கோடரி அலகும், உச்சியில் ஈட்டி முனையும், பின்புறத்தில் கொக்கியுமாக அமைந்த அதைப் பிடித்தவன், குதிரைமேல் வரும் கவசதாரியைக் குத்தித் தடுத்து, சேணத்திலிருந்து கொக்கியால் இழுத்துத் தள்ளி, விழுந்தவனைப் பிளந்து முடிக்கும் வரையில், காம்பை விட்டு வேறொன்றை நாட வேண்டியதே இல்லை. 1315-இல் மோர்கார்ட்டனில் ஆஸ்திரியக் குதிரைப்படை அதன் பிரதாபத்தை அனுபவித்து அறிந்தது.

1837-இல் ஜார்ஜ் எல்ஜின் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற கத்தித் துப்பாக்கிக்கோ அந்த பாக்கியம் இல்லை. அந்நாட்டுக் கடற்படை, தென்கடல் ஆராய்ச்சி யாத்திரைக்கென 150 வாங்கியதோடு சரி. குண்டு ஒன்றே ஒன்று. அது தீருமுன் கத்தியின் பாரம் குறிக்கு இடைஞ்சல், தீர்ந்தபின் குழலின் பாரம் கத்திக்கு இடைஞ்சல்.

பயனெட்டின் சரித்திரத்தை நீ அவசியம் படிக்க வேண்டும். 1689-இல் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கியில் மலைவாசிகள் சரிவிலிருந்து வாளோடு பாய்ந்து வந்தபோது, அரசாங்கச் சிப்பாய்கள் பயனெட்டின் பிடியைத் துப்பாக்கியின் வாய்க்குள் செருக வேண்டியிருந்தது; பலர் செருகுமுன்பே வெட்டுண்டார்கள், செருகியவர்களுக்கோ மறுபடி சுட வழியில்லை. பிறகு, வாயை அடைக்காமல் குழலைச் சுற்றி மாட்டும் குப்பியை வைத்து, அலகைப் பக்கவாட்டில் ஒதுக்கிய எளிய யுக்தி பரவியதும், துப்பாக்கியே ஈட்டியுமாயிற்று; ஐரோப்பியக் காலாட்படைகளில் நீண்ட ஈட்டிக்காரர்களுக்கு வேலையில்லாமற் போயிற்று.

ஆகையால், தம்பி, அடுத்த சித்திரத்தைத் தொடங்குமுன் உன் ஆயுதத்தின் பாரத்துக்குச் சமமாக ஒரு கழியில் இரும்பைக் கட்டி, கை ஓயும் வரையில் சுழற்றிப் பார். பார்த்த பிறகு எனக்கு எழுது.

இங்ஙனம்,
உன் நலம் நாடும் அண்ணன்