கிணற்று மோட்டாரை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

பாசன மோட்டார் நின்றுவிட்டால் இரண்டு நாளில் பயிர் வாடத் தொடங்கும். அந்த அவசரத்தில், போனதைவிட ஒரு எச்.பி. கூடுதலாக மோட்டார் வாங்கி வந்து, பழைய கம்பியிலேயே முறுக்கி இணைத்து ஓடவிடுவது பல இடங்களில் நடக்கிறது. இதில் இரண்டு ஆபத்துகள் உள்ளன. எர்த் இல்லாத மோட்டார் ஆளைக் கொல்லும். அளவுக்கு மீறிய மோட்டார் கிணற்றைக் கெடுக்கும். கடலோர மணற்பாங்கான ஊர்களில் இவ்விரண்டும் சேர்ந்தே வருகின்றன. சென்னையின் தெற்கே கடலை ஒட்டியுள்ள திருவான்மியூர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

மணலும் நன்னீரும்

திருவான்மியூரிலிருந்து தெற்கே கோவளம் வரை கடலோரம் மணற்பாங்கானது. பெய்யும் மழை மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. ஒரு லிட்டர் நன்னீரின் எடை 1,000 கிராம். கடல் நீரோ சுமார் 1,025 கிராம். இந்தச் சிறு வேறுபாட்டினால்தான் நன்னீர் மேலே நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. ஐரோப்பாவில் கைபன் என்பவர் 1889-லும், ஹெர்ஸ்பெர்க் என்பவர் 1901-லும் தனித்தனியே இதை வெளியிட்டனர்.

இதன் மறுபக்கத்தை விவசாயிகள் உணர வேண்டும். ஓயாமல் இறைத்து நீர்மட்டத்தை 1 அடி நிரந்தரமாகக் குறைத்துவிட்டால், அடியிலுள்ள உப்பு நீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலேறக்கூடும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில், அளவுக்கு மீறி நிலத்தடி நீரை எடுத்ததால் கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. சென்னைப் பெருநகர்ப் பகுதியின் நிலத்தடி நீரைக் காக்க 1987-ல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

மோட்டார் உண்மையிலேயே பழுதா?

புதியது வாங்குமுன் பழையதைச் சோதிக்க வேண்டும். ஒருமுனை மின்சாரத்தில் ஓடும் மோட்டார், சுழலாமல் 'ம்' என்று உறுமினால், பெரும்பாலும் பழுது கண்டென்சரில் இருக்கும். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அளவுள்ள புதிய கண்டென்சரை மாற்றினால் மோட்டார் ஓடிவிடும். மும்முனை மோட்டார் உறுமினால், ஒரு முனையில் மின்சாரம் வரவில்லை என்று பொருள். பியூஸ் கட்டைகளைப் பார்க்க வேண்டும். அப்படியே விட்டுவைத்தால் காயில் எரிந்துவிடும்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, விசிறிப் பக்கம் தண்டைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். சுற்றாவிட்டால் பேரிங் இறுகியிருக்கலாம், அல்லது பம்பில் மணல் அடைத்திருக்கலாம். கடலோர உப்புக் காற்றில் இது அடிக்கடி நேரும். காயில் எரிந்த வாடை வந்தால் மட்டுமே மறுசுற்றா, புதிய மோட்டாரா என்று யோசிக்க வேண்டும்.

எத்தனை எச்.பி.?

பழைய மோட்டாரின் பெயர்த்தகட்டில் உள்ள எச்.பி., வோல்ட், ஆம்பியர், சுற்று வேகம், நீரேற்று உயரம் ஆகியவற்றை எழுதிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். அதே அளவையே வாங்க வேண்டும்.

தென்னை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 50 மரங்களுக்கு 5,000 லிட்டர்தான் தேவை. சொட்டுநீர்க் குழாய் இருந்தால் 1 எச்.பி. மோட்டாரே ஓரிரு மணி நேரத்தில் இந்த நீரைக் கொடுத்துவிடும். பெரிய மோட்டார் உறை கிணற்றை அரை மணியில் வற்றவைத்து, மணலையும் உப்பையும் சேர்த்து இழுக்கும். எச்.பி.யைக் கூட்டுவதற்கு மின்வாரியத்தின் அனுமதியும் தேவை.

கரையில் வைக்கும் மோனோபிளாக் பம்ப், நீர்மட்டத்திலிருந்து சுமார் 20 அடி உயரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் அது நீரை நன்றாக உறிஞ்சாது. ஃபுட்வால்வைக் கிணற்றின் அடித்தரையில் வைக்கக் கூடாது. தரையிலிருந்து இரண்டு அடியாவது மேலே நிற்க வேண்டும்.

கழற்றுமுன்

மெயின் சுவிட்சை நிறுத்திப் பியூஸ் கட்டைகளைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். "இப்போது கரண்ட் இல்லை" என்ற நம்பிக்கையில் கை வைக்கக் கூடாது. முறை வைத்து விடும் மின்சாரம் எந்த நேரமும் திரும்பும். ஓடும் இணைப்பு ஒன்றில் டெஸ்டரைச் சோதித்துவிட்டு, பிறகு மோட்டார் முனைகள் ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்க்க வேண்டும். கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதை இறக்கிய பிறகே தொட வேண்டும்.

ஒவ்வொரு கம்பியிலும் எண் எழுதிய சீட்டைக் கட்டிவிட்டுக் கழற்றினால் பின்னால் குழப்பம் வராது. கிணற்றுக்குள் மூழ்கியிருக்கும் மோட்டாரைக் கேபிளைப் பிடித்துத் தூக்கக் கூடாது. நைலான் கயிற்றால்தான் தூக்க வேண்டும்.

இணைப்பு

ஒயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒயர்மேன்தான் செய்ய வேண்டும். ஆனால் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க விவசாயிக்குத் தெரிந்திருப்பது அவசியம்.

மெயின் சுவிட்ச், பியூஸ், ஸ்டார்ட்டர், மோட்டார் என்ற வரிசையில் மின்சாரம் செல்ல வேண்டும். ஒருமுனை 1 எச்.பி. மோட்டாருக்கு 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி போதும். தொலைவு 50 மீட்டரைத் தாண்டினால் 4 சதுர மி.மீ. போட வேண்டும். மெல்லிய கம்பியில் வோல்ட் இறங்கி, மோட்டார் சூடாகிக் கெடும். நீரில் மூழ்கும் மோட்டாருக்கு அதற்கென்றே உள்ள தட்டைக் கேபிளைப் பயன்படுத்த வேண்டும். கிணற்றுக்குள் ஒட்டுப் போடக் கூடாது.

நீர்மூழ்கி மோட்டாரிலிருந்து வரும் மூன்று கம்பிகளையும், ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியில் உள்ள படத்தின்படியே இணைக்க வேண்டும். மும்முனை மோட்டாருக்குப் பொதுவாக 5 எச்.பி. வரை நேரடி ஸ்டார்ட்டர், அதற்கு மேல் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். நேரடி ஸ்டார்ட்டரின் ஓவர்லோடு ரிலேயைப் பெயர்த்தகட்டில் உள்ள ஆம்பியருக்கே வைக்க வேண்டும். பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியைக் கட்டக் கூடாது. அது எரியாவிட்டால் மோட்டார் எரியும்.

எர்த்

எர்த்தே முதல் இணைப்பு, கடைசியில் கழற்றும் இணைப்பும் அதுவே. காயிலின் காப்புக் கெட்டு மோட்டார் உடலில் மின்சாரம் பாய்ந்தால், எர்த் வழியே அது நிலத்துக்கு இறங்கிப் பியூஸை எரிக்கும். எர்த் இல்லாவிட்டால், ஈரக் காலுடன் தொடுபவரின் உடல் வழியே இறங்கும்.

கடலோர மணலில் எர்த் சரியாக அமைவது கடினம். மேல்மணல் கோடையில் காய்ந்துவிடுவதால் அது மின்சாரத்தை எளிதில் கடத்தாது. 40 மி.மீ. விட்டமுள்ள 2.5 மீட்டர் துத்தநாகம் பூசிய குழாயை, ஈரம் எட்டும் ஆழத்துக்கு இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு மூட வேண்டும். கோடையில் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்புக் காற்றில் எர்த் கம்பியின் இணைப்புகள் அரித்துப் போகும். ஆண்டுக்கு ஒருமுறை மழைக்கு முன் அவற்றைத் திறந்து பார்த்து, எர்த் அளவியால் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டக் கூடாது. இன்று பெரும்பாலும் பி.வி.சி. குழாய்களே இருப்பதால் அது எர்த்தே ஆகாது. நியூட்ரலையும் எர்த்தாகப் பயன்படுத்தக் கூடாது. இவற்றோடு, மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் சுவிட்ச் ஒன்றையும் பொருத்துவது உயிர்க்காப்பு. அது எர்த்துக்குத் துணையே தவிர, மாற்று ஆகாது.

ஓட்டிப் பார்த்தல்

மோனோபிளாக் பம்பில், காற்று முழுவதும் வெளியேறும்வரை தண்ணீர் நிரப்பிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். வறட்சியாக ஓடினால் சீல் கருகிவிடும். மும்முனை மோட்டார் தலைகீழாகச் சுழன்றால் தண்ணீர் குறைவாக வரும். அப்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஏதேனும் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினால் சரியாகும். டாங் டெஸ்டரால் ஆம்பியரை அளந்து, பெயர்த்தகட்டு அளவைத் தாண்டவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மோட்டார் ஓடும்போது கிணற்றிலோ தொட்டியிலோ யாரும் குளிக்கக் கூடாது.

கடலோர விவசாயிகள் இன்னொரு சோதனையும் செய்ய வேண்டும். புதிய மோட்டார் ஓடத் தொடங்கியபின், கோடையில் ஒருமுறை நீரை மாதிரி எடுத்து வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் 0.7-க்குள் இருந்தால் எல்லாப் பயிருக்கும் ஏற்றது. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகள் தாங்கா. முந்தைய ஆண்டைவிட எண் ஏறியிருந்தால், ஒரே மூச்சில் இறைக்காமல் காலையும் மாலையுமாகப் பிரித்து இறைக்க வேண்டும். கூரையிலும் வரப்பிலும் விழும் மழைநீரைக் கிணற்றுக்கருகே மணலில் இறங்கவிட வேண்டும்.

எரிந்த மோட்டாரை ஒரே நாளில் மாற்றிவிடலாம். உப்பேறிய கிணறு நன்னீருக்குத் திரும்பப் பல மழைக்காலங்கள் ஆகும். போன உயிரோ திரும்பாது. ஆகவே எர்த்தைச் சரிசெய்தபின் மோட்டாரைப் பொருத்துவதும், பழைய எச்.பி.யைத் தாண்டாமல் இருப்பதும் கடலோரச் சிறு விவசாயிகள் தவறாது கடைப்பிடிக்க வேண்டிய முறைகளாகும்.