வளைத்துப் பார், பிறகு கட்டு

வெள்ளானூர்

அன்புள்ள தம்பிக்கு,

விரால் பிடிக்க உன் கையாலேயே தூண்டில் கம்பு கட்டப்போவதாகவும், வளையம் கட்டாத வெறுங்கம்பு, அதாவது ஏழடி பிளாங்க், வந்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் வளையம் கட்டும் நூலையும் எபாக்சிப் பசையையும் இப்போதே எடுக்காதே.

நம் ஏரிக்கரையில் மூங்கில் தூண்டில் போடுகிறவர்களுக்கு வளையத்தை எங்கே கட்டுவது என்ற கவலை கிடையாது. தங்கூஸை நுனியில் கட்டிவிடுகிறார்கள். பாரமும் நுனியிலேயே விழுகிறது. ரீல் மாட்டிய கம்பில் தங்கூஸ் வளையங்கள் வழியே போகிறது; ஒவ்வொரு வளையமும் பாரத்தைப் பங்கு போட்டு வாங்குகிறது. அது எந்தப் பக்கம், எவ்வளவு இடைவெளியில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம்.

கார்பன் துணியை எஃகுத் தண்டில் சுற்றிச் சூட்டில் இறுக்கி பிளாங்க் செய்கிறார்கள். துணி மேலேறிப் படியும் இடத்தில் விறைப்பு சற்று மாறும். அடியை வழவழப்பான தரையில் ஊன்றி, நுனியைத் தளரப் பிடித்து, நடுவில் உள்ளங்கையால் அழுத்து. கம்பு தானாக உருண்டு ஒரு நிலையில் நிற்கும். அதைத்தான் ஸ்பைன் என்கிறார்கள். சாக்பீஸால் குறித்துக்கொள்.

அதில் வளையம் கட்டினால் கம்பு திருகாது என்பார்கள். நம்பிவிடாதே. வளையம் மேலே இருந்தால் பாரம் அதைக் கீழே திருப்பத்தான் பார்க்கும். ஸ்பைன் அதைத் தடுக்காது. நான் ஒரு கண்ணை மூடிக் கம்பு நேராக இருக்கிறதா என்று பார்த்துத்தான் பக்கம் முடிவு செய்கிறேன். லேசான கோணல் இருந்தால் நுனி மேல்நோக்கி நிற்கும்படி வைப்பேன்.

ஸ்பின்னிங் ரீலிலிருந்து தங்கூஸ் சுருள்சுருளாக வரும். அதை அடக்க முதல் வளையம் பெரிதாக இருக்க வேண்டும். போகப்போகச் சிறிதாகட்டும், இடைவெளியும் குறையட்டும். அடிக்கு ஒன்று, நுனி வளையம் தனி என்பது பொதுக்கணக்கு.

கணக்கு தொடக்கம்தான். என் முதல் கம்பு, வளையம் மேலே இருக்கிற வகை. இடைவெளி அட்டவணையை அப்படியே நம்பிக் கட்டினேன். முதல் விரால் இழுத்ததுமே தங்கூஸ் கம்பை உரசியது. பசை காய்ந்தபின் என்ன செய்ய? அறுத்தெடுத்து மறுபடி கட்டினேன்.

நீ வளையங்களை டேப்பால் ஒட்டி, தங்கூஸைக் கோத்து, நுனியில் பாரம் தொங்கவிட்டு வளைத்துப் பார். தங்கூஸ் கம்பின் வளைவோடு ஒட்டிப் போக வேண்டும். எங்கே குறுக்கே வெட்டிப் போகிறதோ அங்கே வளையத்தை நகர்த்து; போதாவிட்டால் ஒன்று கூட்டு.

சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், ஏரி குளத்துத் தூண்டிலுக்கென்றே 1887இல் ஒரு புத்தகம் போட்டார். அன்று கார்பன் இல்லை. கம்பை வளைத்துப் பார்க்கும் கை அன்றும் வேண்டியிருந்தது, இன்றும் வேண்டும்.

டேப்பைப் பத்து முறை பிரித்தாலும் நஷ்டமில்லை. பசையை ஒருமுறைதான் பூசலாம்.

அன்புடன்,
அண்ணன்