முடிவு வரும்வரை

அன்புள்ள வாசகருக்கு,

போர்க்களத்துக்கே துணிந்தவர்கள் மூக்கில் விடும் ஒரு கொரோனா சோதனைக் குச்சிக்கா நடுங்குவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கேள்வி நியாயம்தான், அதிலிருந்த கேலிதான் எனக்கு ஒப்பவில்லை.

2020-இல் அமெரிக்காவின் தியோடர் ரூஸ்வெல்ட் விமானந்தாங்கிக் கப்பலில் நடந்ததைப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் வியட்நாமின் டா நாங் துறைமுகத்தில் நின்றுவிட்டுக் கிளம்பிய கப்பல். அந்த மாதம் முடிவதற்குள், நடுக்கடலில் மூன்று பேருக்குக் கொரோனா உறுதியானது. கப்பலில் இருந்ததோ ஏறக்குறைய 4,800 பேர். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்றடுக்குப் படுக்கைகள், எதிரே ஆள் வந்தால் உடம்பை ஒடுக்கிக்கொள்ள வேண்டிய நடைவழிகள். யாரை யாரிடமிருந்து விலக்கி வைப்பது?

குவாம் தீவில் கரைசேர்ந்ததும் உடற்பயிற்சிக் கூடங்களில் கட்டில் போட்டார்கள். பிறகு ஓட்டல் அறைகளில் தனித்தனியாக. ஆட்களை விரைவாக இறக்கச் சொல்லி கேப்டன் பிரெட் குரோசியர் எழுதிய கடிதம் பத்திரிகையில் வந்துவிட, ஏப்ரல் 2-ஆம் தேதி அவர் பதவி பறிபோனது. மாலுமிகள் அவர் பெயரை முழங்கி வழியனுப்பினார்கள். அவரை நீக்கிய கடற்படைப் பொறுப்புச் செயலாளரும் சில நாட்களில் பதவி விலகினார். பத்திரிகைகளுக்கு அதுதான் தீனி. என் மனம் அந்த ஓட்டல் அறைகளை விட்டு நகரவில்லை.

காய்ச்சல் இல்லையே என்று அங்கே ஆறுதல் கொள்ள முடியாது. தொற்று உறுதியான 1,271 பேரில் முக்கால்வாசிக்கு மேற்பட்டோருக்கு, முடிவு வந்தபோது எந்த அறிகுறியும் இல்லை. ஆபத்து வந்தால் கை தானாக ஒரு வேலையைத் தேடிப் போகும்படி பழக்குவதுதான் படைப் பயிற்சி. பூட்டிய அறையில் அந்தக் கைக்கு வேலை கிடையாது. மேல்படுக்கைக்காரனுக்கு நான்தான் ஒட்டவைத்தேனோ என்ற எண்ணம் இன்னும் கொடுமை. போரில் தோழனைச் சாய்ப்பவன் எதிரி. இங்கே அது தன் இருமலாகவும் இருக்கலாம்.

வீண்பயம் என்றும் தள்ளிவிட முடியாது. குவாம் கடற்படைத் தளத்திலேயே தனிமையில் இருந்த 41 வயது மூத்த மாலுமி ஒருவர், ஏப்ரல் 9 காலை மருத்துவக் குழு பார்க்கப் போனபோது நினைவிழந்து கிடந்தார். தனிமையில் இருந்தவர்களை நாளுக்கு இருமுறை பார்த்துவந்தார்கள்; அப்படியும் நடந்தது. 13-ஆம் தேதி இறந்துபோனார். மற்ற அறைகளில் இருந்தவர்கள் அன்றிரவு எப்படித் தூங்கியிருப்பார்கள்?

நெகட்டிவ் என்று வந்தாலும் ஒருமுறை போதாது. அடுத்தடுத்து இரண்டுமுறை வந்தால்தான் கப்பலேறலாம். அப்படித் திரும்பியவர்களில் சிலருக்கு மே மாதத்தில் மறுபடி பாசிட்டிவ். செத்த கிருமியின் துணுக்கைக்கூட அந்தச் சோதனை காட்டிவிடும் என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அவர்களையும், அவர்களோடு பழகியவர்களையும் மீண்டும் கரைக்கு இறக்கினார்கள். மறுபடி அறை, மறுபடி குச்சி.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்