கன்றுகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல்

மத்திகிரியில் 1824-இல் தொடங்கிய அரசுக் கால்நடைப் பண்ணை இருப்பதால் ஓசூர் வட்டாரத்தாருக்கு மாடு வளர்ப்பு புதிதல்ல. ஆனால் இன்று வீட்டில் பாதிப்பேர் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போய்விட, ஈன்ற கன்றின் தொப்புளைப் பார்க்க ஆளிருப்பதில்லை. கன்றுகளுக்கு மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஈரத் தொப்புள்கொடி வழியே புகும் கிருமி இரத்தத்தில் கலந்து மூளையைச் சுற்றியுள்ள சவ்வைத் தாக்குகிறது. சாணியும் மூத்திரமும் தேங்கிய கொட்டிலில் ஈ.கோலை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பல கிருமிகள் சேர்ந்தே இருக்கும். ஆகவே ஒரே கன்றை இரண்டு மூன்று கிருமிகள் ஒன்றாகப் பிடிப்பதுண்டு. கழிச்சலை மட்டும் கவனித்து, தொப்புள் சீழையும் மூட்டு வீக்கத்தையும் விட்டுவிட்டால் நோய் உள்ளே முற்றும்.

காய்ச்சல், பால் குடிக்காமை, கழுத்து விறைப்பு, தலையைச் சுவரில் முட்டுதல், வலிப்பு ஆகியவை அறிகுறிகள். பழைய பேட்டரி, பெயிண்ட் டப்பா ஆகியவற்றை நக்கிய கன்றுக்கும் ஈய நஞ்சால் கண் தெரியாமல் போய் வலிப்பு வரும். அதற்குச் சிகிச்சை வேறு. தொழிற்சாலைக் கழிவு கொட்டும் பக்கத்தில் உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெறிநாய்க்கடியையும் நினைவில் கொள்ள வேண்டும். வெறுங்கையைக் கன்றின் வாயில் விடக்கூடாது.

மருத்துவர் இடுப்புப் பகுதியில் ஊசி செலுத்தித் தண்டுவட நீர் எடுப்பார். நல்ல கன்றுக்கு அது தண்ணீர்போல் தெளிவாக இருக்கும், நோயில் கலங்கும். அந்நீரை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தால் எத்தனை கிருமி, எதற்கு எந்த மருந்து என்பது தெரியும். முடிவு வர நாளாகும், அதுவரை காத்திருக்கலாகாது. பல கிருமிகளுக்கும் பொதுவான ஆன்டிபயாடிக் மருந்தை உடனே தொடங்கி, முடிவு வந்ததும் மாற்றுவார்கள். இரு கிருமிக்கும் ஒரே மருந்து ஒத்துவராவிட்டால் இரண்டைச் சேர்க்க நேரும். எல்லா ஊசியும் மூளை வரை போதிய அளவில் எட்டாது. அலமாரியில் மிச்சமிருந்த பாட்டிலைத் தாமே போடுவது வீண். கிருமியும் ஆய்வில் தென்படாமல் போகலாம். கன்று எழுந்து நின்றதும் ஊசியை நிறுத்தினால் நோய் திரும்பும். சிகிச்சை இரண்டு வாரம் வரை நீளலாம். தாமதித்த கன்றுகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

தடுப்புக்குச் செலவு சொற்பம். கன்று விழுந்ததும் தொப்புள்கொடியை டிஞ்சர் அயோடினில் நனைத்து, காயும்வரை காலை மாலை அப்படியே செய்யவேண்டும். சாணியோ சாம்பலோ பூசலாகாது. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர் சீம்பால். முதல் பங்கு இரண்டு மணி நேரத்துக்குள், மீதி பன்னிரண்டு மணிக்குள். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

கன்று தலையை முட்டத் தொடங்கினால் 1962 எண்ணில் கால்நடை ஊர்தியை அழைக்கலாம். ஈன்ற தேதி, சீம்பால் கொடுத்த நேரம், ஏற்கெனவே போட்ட ஊசி ஆகியவற்றைக் குறித்து வைத்திருந்தால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.