சேஸிஸும் பாடியும்: ஆண்ட்ராய்டு பதிப்புகள்

இயங்குதளத்தை விளக்க நாமக்கல் மாணவர்களுக்கு உவமை தேடி அலைய வேண்டியதில்லை. லாரிப் பட்டறைகளைப் பார்த்து வளர்பவர்கள் அவர்கள். தொழிற்சாலையிலிருந்து சேஸிஸ் வரும். பாடி இங்கே கட்டப்படும். ஆண்ட்ராய்டும் அப்படித்தான் என்றேன். லினக்ஸ் கருவின்மேல் கூகுள் உருவாக்குவது சேஸிஸ். அதன்மேல் கைபேசி நிறுவனங்கள் தத்தம் பாடியைக் கட்டுகின்றன. சாம்சங் கட்டுவது 'ஒன் யூஐ'. ஆகவே ஒரே கைபேசியில் இரண்டு பதிப்பு எண்கள் இருக்கும். செயலிகள் பார்ப்பது ஆண்ட்ராய்டு எண்ணைத்தான்.

2008இல் முதல் பதிப்பு வந்தது. 1.5 முதல் 9 வரை கப்கேக், டோனட் என்று ஆங்கில அகரவரிசையில் தின்பண்டப் பெயர்கள். ஒன்பதாம் பதிப்பு 'பை' என்றதும், "புத்தகப் பையா, டீச்சர்?" என்றாள் ஒருத்தி. நியாயமான கேள்விதான். எல்லா நாட்டினருக்கும் இப்பெயர்கள் விளங்கவில்லை என்று 2019இல் பத்தாம் பதிப்பிலிருந்து கூகுளும் எண்ணோடு நிறுத்திக்கொண்டது.

எங்கள் பள்ளியில் மூத்த ஆசிரியர் ஒருவரின் கைபேசியில் வருகைப்பதிவுச் செயலி ஏறவில்லை. இடம் போதவில்லை என்றெண்ணிப் பேத்தியின் படங்களை அழிக்கத் தொடங்கிவிட்டார். தடுத்து, 'அமைப்புகள்' பகுதியில் பதிப்பைப் பார்த்தேன். ஒவ்வொரு செயலிக்கும் குறைந்தபட்சப் பதிப்பு ஒன்று உண்டு. அவருடையது அதற்கும் கீழே. படங்களை அழித்துப் பயனில்லை.

கூகுள் புதுப் பதிப்பை வெளியிட்டாலும், அதற்கேற்பப் பாடியை மாற்றித் தர வேண்டியது கைபேசி நிறுவனம். சில ஆண்டுகளில் அது நின்றுவிடும். புதிதாக வாங்குவோர் கேமராவைக் கேட்குமுன், எத்தனை ஆண்டு புதுப்பிப்பு வரும் என்று கேட்கட்டும். பழைய கைபேசி வைத்திருப்போர் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியையும் அதே 'அமைப்புகள்' பகுதியில் பார்க்கலாம்.