வானவழி விருந்தினர்

பருவம் மாறுங்கால் உணவும் உறைவிடமும் நாடி வேற்று நாடு சென்று, மீண்டும் பிறந்த இடத்திற்கே திரும்பும் பறவைகள் பல உள. இதனை வலசை போதல் என்பர். அவ்வாறு நெடுந்தொலைவு செல்லும் பறவைகளுள் அமூர் வல்லூறும் ஒன்று.

அமூர் வல்லூறு புறாவினும் சிறியது. அதன் எடை ஏறத்தாழ 150 கிராமே. அது சைபீரியாவின் தென்கிழக்கிலும் வடசீனத்திலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். அங்கே குளிர் தொடங்கியதும் அதற்கு இரையாகும் பூச்சிகள் அருகிவிடும். ஆகவே அது தெற்கு நோக்கிப் புறப்பட்டு, இந்தியாவைக் கடந்து, அரபிக் கடலின்மேல் இரவும் பகலும் இடைவிடாது பறந்து, ஆப்பிரிக்காவின் தென்பகுதியை அடைகிறது. போக்கும் வரவுமாக ஓராண்டில் அது கடக்கும் தொலைவு 20,000 கிலோமீட்டருக்கும் மிகுதியாகும்.

கடலின்மேல் அமர்ந்து இளைப்பாற இடம் ஏது? ஆதலின் கடலைக் கடக்குமுன்பே அது வயிறார உண்டு, உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு வாய்ப்பான இடம் நாகாலாந்து. அக்டோபர், நவம்பர்த் திங்களில் அங்கு ஈசல்கள் மிகுதியாகக் கிளம்பும். அவற்றை உண்ட வல்லூறுகள், மாலையில் தோயாங் நீர்த்தேக்கத்தின் கரையிலுள்ள மரங்களில் பல்லாயிரக்கணக்கில் வந்து அடையும்.

இவ்வாறு ஒருங்கே கூடுவதே அவற்றிற்குக் கேடாக முடிந்தது. அந்நீர்த்தேக்கம் அமைந்தபோது, பாங்தி முதலிய ஊர்களைச் சேர்ந்த மக்கள் தம் விளைநிலங்களுட் பலவற்றை இழந்திருந்தனர். அவர்களுட் சிலர் மீன்வலைகளை மரங்களினிடையே கட்டி, வல்லூறுகளைப் பிடித்து இறைச்சிக்காக விற்றனர். 2012ஆம் ஆண்டில் ஒரு பருவத்தில் மட்டும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் கொல்லப்பட்டன என மதிப்பிடப்பட்டது. இச்செய்தி அறிந்தோர் நெஞ்சம் பதைத்தனர்.

வனத்துறையினரும் இயற்கை ஆர்வலரும் தேவாலயப் பெரியோரும் அவ்வூர்களுக்குச் சென்றனர். அப்பறவைகள் எங்கிருந்து எங்குச் செல்கின்றன என்பதை மக்களுக்கு எடுத்துரைத்தனர். உண்மை உணர்ந்த ஊர் மன்றங்கள், வல்லூறு பிடித்தலைத் தாமே தடை செய்து, மீறுவோர்க்குத் தண்டமும் விதித்தன. 2013ஆம் ஆண்டில் வல்லூறுகள் வந்தபோது மரங்களினிடையே வலைகள் இல்லை. முன்னர் வலை வீசியோருட் சிலர் காவலராயினர்.

அவ்வாண்டு நவம்பரில் மூன்று வல்லூறுகளின் உடலில், செயற்கைக்கோள் வாயிலாக வழியறிய உதவும் சிறு கருவிகளைப் பொருத்தினர். அவற்றிற்கு நாகா, வோக்கா, பாங்தி எனப் பெயருமிட்டனர். அவற்றுள் நாகாவும் பாங்தியும் ஆப்பிரிக்கா சென்று, வடநாடுகளையும் கண்டு, 2014ஆம் ஆண்டில் மீண்டும் நாகாலாந்திற்கு வந்தன. தம் ஊரின் பெயர் தாங்கிய பறவை திரும்பியது அறிந்து பாங்தி மக்கள் மகிழ்ந்தனர்.

வலசைப் பறவை எந்த ஒரு நாட்டுக்கும் தனியுடைமை அன்று. அதன் வழியில் ஓரிடத்தில் வலை விரிப்பின், பிற நாடுகள் அளிக்கும் காப்பும் பயனற்றுப் போகும். இது கருதியே நாடுகள் பல 1979ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பான் நகரில் ஓர் உடன்படிக்கை கண்டன. இந்தியா 1983இல் அதில் இணைந்தது. எனினும் உடன்படிக்கையின் பயன் ஊரார் உள்ளத்தில்தான் நிலைபெறும். சட்டம் கையைத் தடுக்கும். அறிவோ மனத்தை மாற்றும். பாங்தி மக்கள் உலகிற்கு உணர்த்திய பாடம் இதுவே.