பங்கு வட்டியும் பேராசிரியர் சம்பளமும்

சர்வகலாசாலை என்றதும் நம்மிற் பலர்க்கு மண்டபமும் மணிக்கூண்டுமே கண்முன் தோன்றும். அதன் பொக்கிஷதாருக்குத் தோன்றுவதோ மாதந்தோறும் தீர்த்தாகவேண்டிய சம்பளப் பட்டி. கட்டடத்தை இரண்டாண்டு தள்ளிவைக்கலாம். சம்பளத்தை இரண்டு மாதம் தள்ளிவைத்தல் இயலாது. ஏறியும் இறங்கியும் வரும் வரவைக்கொண்டு இறங்காத செலவை நடத்துவது எங்ஙனம்? அமெரிக்க நாட்டுச் சர்வகலாசாலை ஒன்றின் வரலாற்றைக்கொண்டு இதனை ஆராய்வோம்.

பால்ட்டிமோர் நகரத்து வணிகராகிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 1873ஆம் ஆண்டில் காலமானார். அவர் விட்டுச்சென்ற 70 லட்சம் டாலரில் ஒரு பாதி சர்வகலாசாலைக்கும், மற்றொரு பாதி வைத்தியசாலைக்கும் உரியதாயிற்று. சர்வகலாசாலையின் பாகம் பெரும்பாலும் பால்ட்டிமோர்-ஒஹையோ ரயில்வே கம்பெனியின் பங்குகளாகவே இருந்தது. அவற்றை விற்கலாகாது என்பது அவர் கூறிச்சென்ற யோசனை. முதலைத் தொடாமல் வருவாயைக்கொண்டே யாவும் நடைபெறவேண்டும்.

1876ஆம் ஆண்டில் கலாசாலை திறக்கப்பட்டது. தலைவராகிய கில்மன், செங்கல்லுக்கன்று, அறிஞர்க்கே பணத்தைச் செலவிடத் துணிந்தார். நகரத்து நடுவே சாதாரண வீடுகளில் வகுப்புகள் நடைபெற்றன. கணித மேதையாகிய சில்வெஸ்டர் இங்கிலாந்திலிருந்து ஆண்டிற்கு 5,000 டாலர் சம்பளத்தில் வந்தார். அதுவும் பொன்னாகவே வேண்டுமென்றார். காகிதப் பணம் பொன்னினும் மதிப்புக் குறைந்திருந்த காலம் அது. கணக்கறிந்தவர் கேட்கவேண்டியதைத்தான் கேட்டார்! அவரோடு ரோலண்டு போன்ற இளைஞரும் பேராசிரியராயினர். அன்றியும், ஆராய்ச்சி மாணவர் இருபதின்மர்க்கு ஆளுக்கு 500 டாலர் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தினர். மூத்த பேராசிரியர் இருவர்க்கு ஆகும் தொகையே இவ்விருபதின்மர்க்கும் ஆயிற்று. இதனை யாம் சிறந்த சிக்கனமென்றே கருதுகின்றோம். ஏனெனில் பிற்காலப் பேராசிரியர்கள் அவர்களிடையேயிருந்தே தோன்றினர். தத்துவ அறிஞராகிய ராய்ஸ் அவர்களுள் ஒருவர்.

வினை வேறிடத்தில் விளைந்தது. 1880க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் ரயில்வே கம்பெனியின் நிலை தளர்ந்தது; பத்தாண்டு முடிவதற்குள் பங்கு வட்டி நின்றுபோயிற்று. மாணவர் தொகை பெருகியதே, சம்பளம் பெருகாதோ எனின், மாணவர் செலுத்துவது அவர்க்காகும் செலவில் ஒரு பகுதியே. மாணவர் மிகுந்தால் சோதனைச்சாலையும் உதவியாளரும் மிகவேண்டும். நகரத்தார் மனமுவந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டி அவசர நிதியாக உதவினர். எனினும் ஒருமுறை வரும் நன்கொடையை நம்பி ஆயுட்காலப் பதவியை ஏற்படுத்துதல் தகாது. தவணையுள்ள பதவிக்கும் கருவிகளுக்குமே அது பொருந்தும். கில்மன் ஆட்களைத் தெரிந்ததில் பிழையில்லை. வருவாய் முழுவதும் ஒரே கம்பெனியைச் சார்ந்திருந்ததே குறை.

இக்குறையின் பயனை வைத்தியக் கல்லூரி அனுபவித்தது. வைத்தியசாலை 1889ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டும், கல்லூரிக்குப் பொருளில்லை. மேரி காரெட் முதலிய பெண்மணிகள் முயன்று 5 லட்சம் டாலர் நிறைவாக்கினர். அதில் 3 லட்சத்துக்குமேல் அவ்வம்மையார் தம் சொந்தப் பொருள். ஆடவரோடு ஒப்பப் பெண்களையும் சேர்த்தல்வேண்டும் என்பது அவர்களது நிபந்தனை. நிர்வாகிகள் இசைந்தனர், 1893ஆம் ஆண்டில் கல்லூரி தொடங்கிற்று.

மண்டபமும் மணிக்கூண்டும் பின்னரே வந்தன. ஹோம்வுட் என்னும் விசாலமான நிலம் 1902ஆம் ஆண்டில் நன்கொடையாகக் கிடைத்தது. கலாசாலை அங்குக் குடிபுகுந்தது 1916ஆம் ஆண்டில். அதற்குள் சில்வெஸ்டரும் ரோலண்டும் கில்மனும் மறைந்துவிட்டனர்.